சோதனை வேறு, தேர்வு வேறு

“அண்ணா, உங்கள் பழைய ரெக்கார்டு நோட்டு இருக்கிறதா?”

சென்ற வாரம் ஓர் இரவு என் விடுதி அறைக் கதவைத் தட்டி இப்படிக் கேட்டவன், நம் சங்கத்து முதலாண்டுத் தம்பிகளில் ஒருவன். கையில் பாதி எழுதிய நோட்டு. முகத்தில் முழுக் கலக்கம். மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தில் கையெழுத்து வாங்கியாக வேண்டுமாம். சுருள்வில்லின் முனையில் எடையைத் தொங்கவிட்டு, அது ஆடும் நேரத்தை அளக்கும் சோதனை. “என் அளவுகள் சரியாக வரவில்லை, அண்ணா. கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகமாட்டேன் என்கிறது. உங்கள் நோட்டைப் பார்த்துச் சரிசெய்து கொள்கிறேன்” என்றான்.

“நோட்டு இல்லை, தம்பி” என்றேன்.

நான் சொன்னது பொய். நோட்டு என் பெட்டியின் அடியில் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஏன் பொய் சொன்னேன்? அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். விடைக்குப் போகும் வழி கொஞ்சம் சுற்று வழி. பந்தயக் கார்கள் ஓடிய வழி அது. வாசகர்கள் பொறுத்தருளி உடன் வரவேண்டும்.

அடுத்த ஞாயிறு மாலை, மனம் ஒரு நிலையில் இல்லாமல் உசேன் சாகர் கரைக்குப் போனேன். லும்பினி பூங்காவைத் தாண்டி, தலைமைச் செயலகத்தைப் பார்த்தபடி நடந்தேன். இந்தச் சாலைகளில்தான் 2023 பிப்ரவரி 11ஆம் நாள் ஃபார்முலா ஈ எனப்படும் மின்சாரக் கார்ப் பந்தயம் நடந்தது. சுற்று ஒன்றுக்கு 2.83 கிலோமீட்டர். 2013இல் தில்லி அருகே நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் பிறகு, கார்ப் பந்தயத்தின் உலகச் சாம்பியன் வரிசையில் ஒன்று இந்திய மண்ணில் ஓடியது அன்றுதான். பிரான்சு நாட்டு ஜான் எரிக் வெர்ன் வென்றார். மறு ஆண்டு நடக்கவேண்டிய பந்தயம் கைவிடப்பட்டது. இன்று அந்தச் சாலையில் ஆட்டோக்களும் பேருந்துகளும்தான் போட்டி போடுகின்றன.

அந்தப் பந்தயம் நடந்தபோது நான் கோயம்புத்தூரில் இளங்கலை மாணவன். கைப்பேசித் திரையில் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காரும் பம்ப்பும் தாய்ப்பாலோடு வருபவை. லேத் பட்டறைச் சத்தத்தில் தூங்கி, லேத் பட்டறைச் சத்தத்தில் விழிப்பவர்கள் நாங்கள். “இதெல்லாம் வெள்ளைக்காரப் பணக்காரர் விளையாட்டு, நமக்கென்ன?” என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: கோவை கரிவரதன், மாருதிக் காரின் எஞ்சினை வைத்தே சிக்கனமான பந்தயக் காரை எங்கள் ஊரில் கட்டியவர். இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளமான சோழவரத்தில் அவருடைய கார்கள் சீறிப் பாய்ந்தன. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் எங்கள் ஊர்க்காரரே. ஆகவே இந்த விளையாட்டில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த என் நினைவு அந்தப் பந்தயத்துக்கும் ஓராண்டு முன்னே போயிற்று. ஐதராபாத்திலிருந்து ஸ்பெயின் நாட்டுக்குத் தாவிற்று.

பந்தயப் பருவம் தொடங்குமுன் எல்லா அணிகளும் தங்கள் புதுக் கார்களை ஓரிடத்தில் கொண்டுவந்து சில நாட்கள் ஓட்டிப் பார்ப்பார்கள். வெற்றி தோல்வி இல்லை. மாலை மரியாதை இல்லை. காரின் மேல் பச்சை நிற எண்ணெய்ச் சாயத்தைப் பூசி ஓட்டுவார்கள். காற்று எந்தத் திசையில் வருடிச் சென்றது என்பதை அந்தச் சாயக் கோடுகள் காட்டிக்கொடுக்கும். சக்கரத்துக்குப் பின்னால் சல்லடை போன்ற கம்பிச் சட்டத்தை நட்டுக் காற்றின் அழுத்தத்தை அளப்பார்கள். அடித்தளம் தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் போகிறது என்று ஒளிக்கற்றையால் அளப்பார்கள். கண்ணுக்கு அழகில்லாத ஓட்டம். ஆனால் அறிவுக்கு விருந்து.

2022 பிப்ரவரி 23 முதல் 25 வரை பார்சிலோனாவில் ஃபார்முலா ஒன் கார்கள் அப்படி ஓடின. அந்த ஆண்டு விதிகள் அடியோடு மாறியிருந்தன. பல ஆண்டுகளாகத் தட்டையாக இருந்த காரின் அடிவயிற்றில், காற்றுப் போக இரு பெரும் வாய்க்கால்கள் வெட்ட இடம் கொடுத்திருந்தார்கள். நேர்ச்சாலையில் வேகம் ஏறியதும் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. கார்கள் குதிக்கத் தொடங்கின! ஒன்றிரண்டு கார்கள் அல்ல, ஏறக்குறைய எல்லாமே. வினாடிக்கு ஐந்தாறு முறை மேலும் கீழும். ஓட்டுநரின் தலைக்கவசம், நாட்டு வண்டியில் போகிறவன் தலைபோல ஆடிற்று. கடலில் ஓங்கில் மீன் எழுந்தும் மூழ்கியும் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் இனத்தைச் சேர்ந்த விலங்கின் பெயரையே வைத்து, இந்தக் குதியலை ஆங்கிலத்தில் ‘பார்ப்பாய்சிங்’ என்கிறார்கள்.

இதன் காரணம் யாது? பௌதிகம் படிக்காத நண்பர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

ஆறு குறுகும் இடத்தில் நீர் விரைகிறது. அதுபோலவே காரின் அடியில் உள்ள இடுக்கில் நுழையும் காற்றும் விரைகிறது. விரையும் காற்றில் அழுத்தம் குறையும். இது 1738இல் பெர்னௌலி எழுதிவைத்த உண்மை. மேலே சாதாரண அழுத்தம். அடியில் குறைந்த அழுத்தம். ஆகவே கார் தரையோடு உறிஞ்சப்படுகிறது. இந்த உறிஞ்சல்தான் காரை வளைவில் தூக்கியெறியாமல் காக்கும் காவலன். வேகம் இரு மடங்கானால் உறிஞ்சல் நான்கு மடங்காகும். இதுவரை எல்லாம் நன்மையே.

உறிஞ்சல் கூடக் கூடச் சுருள்வில்கள் அமுங்குகின்றன, கார் தாழ்கிறது. தாழ்ந்தால் இடுக்கு மேலும் குறுகும். உறிஞ்சல் மேலும் கூடும். கார் மேலும் தாழும். இப்படியே போய், அடித்தளம் தரையைத் தொடுமளவு நெருங்கியதும் இடுக்கில் காற்றோட்டம் அடைபட்டுச் சிதைகிறது. உறிஞ்சல் சட்டென்று விட்டுப்போகிறது. அமுங்கிக் கிடந்த சுருள்வில், கட்டவிழ்ந்த கன்றுபோலத் துள்ளிக் காரைத் தூக்குகிறது. தூக்கியதும் இடுக்கு விரிகிறது. காற்று மீண்டும் ஓடுகிறது. உறிஞ்சல் மீண்டும் பிடிக்கிறது. கார் மீண்டும் தாழ்கிறது. வெளியிலிருந்து யாரும் ஆட்டவில்லை. மேடும் பள்ளமும் ஆட்டவில்லை. தன் வேகமே தன்னை ஆட்டுகிறது!

“சுருள்வில்லை இறுக்கிவிட்டால் ஆட்டம் நின்றுவிடாதா?” என்று கேட்பீர்கள். அங்கேதான் சூட்சுமம். காரில் ஸ்பிரிங் என்று பெயர் பெற்றது மட்டும் ஸ்பிரிங் அல்ல. காற்றடைத்த டயரும் ஒரு ஸ்பிரிங்தான். இரும்புச் சுருள்வில்லை இறுக்க இறுக்க, ஆட்டம் டயருக்குப் போய்ச் சேர்கிறது. சுருள்வில்லின் ஆட்டத்தை அடக்க ஷாக் அப்ஸார்பர் உண்டு. டயரின் ஆட்டத்தை அடக்க அப்படி ஒரு கருவி இல்லை. அதற்கு முன்பு ஆட்டத்தைத் தணிக்க வைத்திருந்த சில நுட்பக் கருவிகளையும் அந்த ஆண்டு விதிகள் விலக்கிவிட்டன. பெயர் சொல்லி அழைக்காத ஸ்பிரிங், பெயர் பெற்ற ஸ்பிரிங்கைவிட அதிகம் ஆட்டிவைத்தது. வாசகர்கள் இந்த இடத்தை நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னால் இங்கே திரும்பி வருவேன்.

இத்தனை பெரிய பொறியியல் மேதைகள் இதை முன்கூட்டி அறியவில்லையா? கணிப்பொறிகள் இருந்தன, காற்றுச் சுரங்கங்கள் இருந்தன. ஆனால் விதிப்படி காற்றுச் சுரங்கத்தில் வைக்கும் மாதிரி, உண்மைக் காரில் 60 விழுக்காட்டுக்கு மேல் பெரிதாக இருத்தல் ஆகாது. காற்றின் வேகமும் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் தாண்டலாகாது. களத்திலோ கார் 300ஐத் தாண்டுகிறது. மேலும், சுரங்கத்தில் மாதிரியை ஒரு தண்டு பிடித்து நிறுத்தியிருக்கும். தன் டயரின்மேல் தானே துள்ள அதற்குச் சுதந்திரம் இல்லை. பிடித்து வைத்த பிள்ளை குறும்பு செய்யவில்லை என்று தாய் மகிழ்ந்தாளாம், அந்தக் கதைதான்.

இன்னொரு வியப்பும் உண்டு. இந்த நோய் புதிது அன்று. 1970களின் இறுதியிலேயே லோட்டஸ் அணி, அடிவயிற்றுக் காற்றால் காரைத் தரையோடு ஒட்டவைக்கும் வித்தையைக் கொண்டுவந்தது. 1978இல் மரியோ ஆண்ட்ரெட்டி அந்தக் காரில் உலகச் சாம்பியனானார். மறு ஆண்டு இன்னும் அதிக உறிஞ்சல் வேண்டுமென்று லோட்டஸ் 80 என்ற காரைக் கட்டினார்கள். அது குதித்துக் குதித்தே தோற்றது. அதை ஒதுக்கிவிட்டுப் பழைய காரையே மீண்டும் களத்தில் இறக்கினார்கள். 1983இல் தட்டை அடித்தளம் கட்டாயமாகவே, அந்த வித்தையும் அதன் நோயும் ஒருசேர மறந்துபோயின. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு பேரப்பிள்ளைகள் அதே பாடத்தை முதலிலிருந்து படிக்க நேர்ந்தது.

அந்தப் பாடத்தை அதிக விலை கொடுத்துப் படித்தவர் யார்? 2014 முதல் 2021 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அணிக்கான பட்டத்தை வென்ற மெர்சிடிஸ்தான்! 2022இல் அவர்களுக்குக் கிடைத்த வெற்றி ஒன்றே ஒன்று. அதுவும் நவம்பரில், பிரேசிலில். அந்த ஜூன் மாதம் பாக்கூ நகரில் பந்தயம் முடிந்தபோது, ஏழு முறை உலகச் சாம்பியனான லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரைவிட்டு இறங்க முடியாமல் இறங்கினார். பிறகு மேற்பார்வை அமைப்பே தலையிட்டு, கார் இவ்வளவுக்கு மேல் குதிக்கலாகாது என்று அளவு வகுத்தது. 2023இல் அடித்தளத்தின் ஓரங்களை 15 மில்லிமீட்டர் உயர்த்தச் சொன்னது. எட்டாண்டு மாலைகள் காற்றுக்குத் தெரியாது. காற்றுக்குத் தெரிந்தது இடுக்கின் உயரம் மட்டுமே.

இனி நம் ஐதராபாத்துக்குத் திரும்புவோம். இங்கே ஓடிய பந்தயக் கார்களில் நம் நாட்டு மகீந்திரா அணியின் கார்களும் உண்டு. பருவம் தொடங்குமுன், 2022 டிசம்பரில், மற்ற அணிகளோடு அவர்களும் ஸ்பெயினின் வலென்சியாவில் ஓட்டிப் பார்த்தார்கள். சொந்த நாட்டு மக்கள் முன்னிலையில், இதே ஏரிக்கரையில், அணியின் ஆலிவர் ரோலண்ட் ஆறாம் இடம் பெற்றார். பெருமைக்குரிய நாள்.

அதிலிருந்து சரியாகப் பதினான்கு நாள். பிப்ரவரி 25ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் அடுத்த பந்தயம். அங்கே காரின் பின்புறச் சஸ்பென்ஷன் உறுப்புகளின் உறுதியில் ஐயம் எழுந்தது. மகீந்திரா என்ன செய்தது? தன் இரண்டு கார்களையும் பந்தயத்திலிருந்து விலக்கிக்கொண்டது. மகீந்திராவின் இயந்திர அமைப்பை வாங்கி ஓட்டிய ஆப்ட் அணியும் தன் இரண்டு கார்களை விலக்கியது. உலகமே பார்த்துக்கொண்டிருக்க, நான்கு கார்கள் கொட்டகையிலேயே நின்றன. விளம்பரம் கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? “ஒரு பந்தயம்தானே, ஓடிவிடும்” என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு எளிது! அவர்கள் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. “எங்கள் காரில் குறை இருக்கிறது, ஓட்டமாட்டோம்” என்று ஊரறியச் சொன்னார்கள். அடுத்த மாதம் பிரேசிலில் மீண்டும் ஓடினார்கள்.

ஐதராபாத்தில் பெற்ற ஆறாம் இடத்தைவிட, கேப் டவுனில் ஓடாமல் நின்றதையே நான் பெரிதாக மதிக்கிறேன். சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும்.

இப்போது என் பெட்டியின் அடியில் கிடக்கும் நோட்டுக்கு வருகிறேன்.

பார்சிலோனாவில் கார்கள் குதித்த அதே 2022ஆம் ஆண்டு, நான் படித்த கல்லூரியில், தம்பி செய்த அதே சோதனையை நானும் செய்தேன். எடையை மாற்றி மாற்றித் தொங்கவிட்டு, ஆடும் நேரத்தை அளந்து, அந்த நேரத்தின் வர்க்கத்தை நிறைக்கு எதிரே வரைபடமாக்கினேன். புத்தகச் சூத்திரப்படி கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவேண்டும். என் கோடு சற்று மேலே வெட்டிற்று. மீண்டும் அளந்தேன், மீண்டும் அப்படியே. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. ரப்பரை எடுத்தேன். இரண்டு புள்ளிகளைக் கீழே இறக்கினேன். கோட்டை ஆதிப்புள்ளியில் கொண்டுபோய்க் கட்டினேன். முழு மதிப்பெண், பக்கத்தின் ஓரத்தில் ‘நன்று’ என்று சிவப்பு மையில் ஒரு சொல்.

ஐதராபாத்துக்கு முதுகலை படிக்க வந்த பிறகு, ஒரு வகுப்பில் ஆசிரியர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: சுருள்வில்லுக்கும் நிறை உண்டு, அது ஆடும்போது அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்கும் எடையோடு சேர்ந்து ஆடுகிறது. அதனால்தான் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போவதில்லை!

எனக்குச் சுருக்கென்றது. என் அளவுகள் சரியாக இருந்தன. நான் கணக்கில் சேர்க்காத ஒன்று, டயரைப்போல, “நானும் இருக்கிறேன்” என்று அந்தக் கோட்டின் வாயிலாகச் சொல்லிற்று. இயற்கை என் காதில் சொன்ன அந்த ஒரே சொல்லை ரப்பரால் அழித்துவிட்டு, அழித்ததற்குப் பரிசாக ‘நன்று’ வாங்கிக்கொண்டேன். அந்தப் பக்கத்தைத் தம்பிக்குக் காட்ட வெட்கப்பட்டே பொய் சொன்னேன்.

நண்பர்களே, நம் மொழியில் சோதனை என்றொரு சொல்லும் தேர்வு என்றொரு சொல்லும் இருக்கின்றன. தேர்வு என்பது நாம் அறிந்ததைப் பிறர் அறியும் இடம். சோதனை என்பது நாம் அறியாததை நாமே அறியும் இடம். தேர்வில் பிழை வந்தால் நட்டம். சோதனையில் பிழை வராவிட்டால் நட்டம். பார்சிலோனாவில் குதித்த கார் தோற்ற கார் அன்று, பேசிய கார். ஆனால் நம் ஆய்வுக்கூடங்களில் சோதனையைத் தேர்வாக்கி வைத்திருக்கிறோம். விடையைப் பின்பக்கத்தில் பார்த்துவிட்டு, அதற்கேற்ற அளவுகளை முன்பக்கத்தில் எழுதுகிறோம். ஓர் ஆண்டு மாணவன் நோட்டு மறு ஆண்டு மாணவனுக்குப் போகிறது. அளவுகள் குலதனம்போலக் கைமாறுகின்றன. ஆடாத சுருள்வில்லுக்கும் ஆடிய நேரம் எழுதப்படுகிறது!

“உபதேசம் எளிது. நாம் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். உதவித்தொகையை நம்பி வீட்டில் காத்திருக்கிறார்கள். மதிப்பெண் குறைந்தால் யார் பொறுப்பு?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என் தந்தையும் பட்டறைத் தொழிலாளிதான். மாதக் கடைசி எப்படியிருக்கும் என்பதை நானும் அறிவேன். மதிப்பெண்ணைத் துறந்து தியாகியாகுங்கள் என்று நான் சொல்லவில்லை. வந்த அளவை வந்தபடியே எழுதுவோம். வரவேண்டிய அளவைப் பக்கத்தில் எழுதுவோம். இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்று நமக்குத் தோன்றியதை இரண்டு வரியில் எழுதுவோம். அதற்காக மதிப்பெண் குறைக்கும் ஆசிரியரும் இருக்கலாம். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வரியைப் படித்து நிமிர்ந்து பார்க்கும் ஆசிரியரும் இருப்பார். அவரைச் சந்திக்காமலே பட்டம் வாங்கிப் போவது, உதவித்தொகை இழப்பதைவிடப் பெரிய இழப்பாக எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். நாளை நம்மில் ஒருவர் பாலம் கட்டுவார். ஒருவர் மருந்தின் வீரியத்தை அளப்பார். ஒருவர் காரின் சஸ்பென்ஷனைச் சரிபார்ப்பார். ரப்பர் பிடித்துப் பழகிய கை அன்றைக்கு மட்டும் நேர்மையாக எழுதுமா? பட்டறையில் என் தந்தை ஒரு பொருளைக் கடைந்து முடித்ததும் அளந்து பார்ப்பார். அளவு தப்பினால் தனியே எடுத்து வைப்பார். தப்பியதைச் சரியானவற்றோடு கலந்து அனுப்பி ஒருநாளும் நான் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் அவர். முதுகலைக்கு வந்த நான் கலந்து அனுப்பினேன்.

ஆகவே நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பொங்கல் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், கைதட்டலுக்குக் குறைவில்லை. மாதம் ஒரு மாலை, ஒரு மணி நேரம், நம் மாணவர் ஒருவர் தம் ஆய்வுக்கூடத்தில் தவறிப்போன சோதனை ஒன்றைத் தமிழில் எடுத்துச் சொல்லட்டும். என்ன எதிர்பார்த்தார், என்ன வந்தது, ஏன் வந்தது என்று சொல்லட்டும். ஏன் என்று தெரியாவிட்டால் கூடியிருப்பவர்கள் சேர்ந்து யோசிக்கட்டும். மூத்தவர்கள் தங்கள் பிழையைச் சொன்னால் இளையவர்களுக்குத் தைரியம் வரும். லோட்டஸ் 80இன் கதையை மறந்தவர்கள்போல நாற்பது ஆண்டு கழித்து மீண்டும் அதே இடத்தில் குதிக்கவேண்டாம். முதல் மாலைக்கு நான் பேசுகிறேன். நோட்டும் கொண்டுவருகிறேன்.

தம்பி, இதை நீயும் படிப்பாய். நோட்டு இருக்கிறது, அறைக்கு வந்து வாங்கிக்கொள். சிவப்பு மையில் ‘நன்று’ என்றிருக்கும் பக்கத்தைத் திறந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார். ரப்பர் தேய்த்த இடத்தில் பழைய புள்ளிகளின் தடம் இன்னும் தெரிகிறது. உன் கோட்டையும் அதையும் ஒப்பிட்டுப் பார். உன்னுடையதுதான் சரி.